ஒழுகுகிற தொட்டி

பூவரசம்பாக்கம் மாதா கோயிலில் இருக்கும் ஞானஸ்நானத் தொட்டி ஒழுகும் என்பது காலனியில் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் என்ன? காலனிக் குழந்தை ஒன்றின் தலையிலாவது அந்தத் தொட்டித் தண்ணீர் விழுந்ததில்லையே. "கல்லு தொட்டி ஓட்டைப்பா, தண்ணி நிக்காது" என்று உபதேசியார் சொல்வார். காலனிக்காரர்கள் தலையாட்டுவார்கள். உள்ளேயிருந்து ஒரு பித்தளைத் தாம்பாளம் வரும். குழந்தை வீரிட்டு அழும், காரியம் முடிந்துவிடும். மூன்று தலைமுறையாக இதுதான் நடப்பு.

தொட்டி என்னவோ சாதாரணத் தொட்டி இல்லை. கோயிலுக்குள் நுழைந்ததும் இடதுகைப் பக்கம், இடுப்பு உயரத்தில் எட்டுப் பட்டையாக நிற்கும். ஒரு பட்டையில் மீன், ஒரு பட்டையில் திராட்சைக் கொடி, இன்னொன்றில் மூக்குடைந்த ஓர் ஆட்டுக்குட்டி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து டேப் வைத்து அளந்து, டார்ச் அடித்துப் பார்த்து, இது இந்த மண்ணின் கல்லே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். போர்ச்சுகல் தேசத்துக் கிராமம் ஒன்றில் எழுநூறு வருஷத்துக்கு முன்னால் செதுக்கியதாம். அங்கே கோயிலை இடித்தபோது கப்பலில் அடிக்கனத்துக்காக ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கியிருக்க வேண்டும் என்றார். அன்றிலிருந்து ஊரே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தது. காலனிக்காரர்களும் சேர்ந்துதான் நிமிர்த்தினார்கள், அதுதான் வேடிக்கை.

ஒரகடம் பக்கம் போகிற வழியில், இரண்டு கம்பெனி மதில்களுக்கு நடுவே நெளிகிற ரோட்டில் உள்ளே போனால் இந்த ஊர். கிறிஸ்தவர்கள் மேலத்தெருவில் ஒரு கூட்டம், காலனியில் ஒரு கூட்டம். மாதா ஒருத்தி, கோயில் ஒன்று, பூசை மட்டும் இரண்டு. ஆறு மணிப் பூசைக்குக் காலனி, எட்டு மணிப் பூசைக்கு மேலத்தெரு. யாரும் சட்டம் போடவில்லை, யாரும் மீறவுமில்லை. மேலத்தெருக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் என்றால் எட்டு மணிப் பூசை முடிந்து, கதவைச் சாத்திக்கொண்டு, குடும்பத்தார் மட்டும் நின்று நடத்துவார்கள். அதற்குள் காலனிக்காரர்கள் வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.க்குக் கம்பெனி பஸ் ஏறியிருப்பார்கள்.

பேராசிரியர் வந்துபோன மறுவருஷம் ஃபாதர் தொம்மை வந்து சேர்ந்தார். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரர். அவர் வந்த பிறகு மேலத்தெருவில் ஒரு குழந்தைக்கும் ஞானஸ்நானம் நடக்கவில்லை. ஏழெட்டு மாசம் வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பூசையிலும் ஒரே அறிவிப்பைப் படித்தார். அடுத்த மாதத்திலிருந்து ஏழு மணிக்கு ஒரே பூசை. குழந்தைகளுக்கெல்லாம் ஒரே இடத்தில், கல்தொட்டியில்தான் ஞானஸ்நானம். ஒழுகினால் ஆள் வைத்துச் சரிசெய்துகொள்ளலாம்.

பத்தே நாளில் பங்குப் பேரவை கூடியது. பேரவையின் துணைத்தலைவர் பெரிய வீட்டு ராயப்பன். மேலத்தெருவில் மாடி வீடு, கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகிற பதினோரு பஸ்ஸுக்கு முதலாளி. அவர் எழுந்து, தொட்டி விலைமதிப்பில்லாத பழம்பொருள், ஒழுகுகிறது, பயன்பாட்டில் இல்லை, இங்கே கிடந்து வீணாவதைவிடச் சென்னையில் மியூசியத்தில் கண்ணாடிக்குள் இருப்பதே மரியாதை என்று தீர்மானம் கொண்டுவந்தார். எல்லாக் கையும் உயர்ந்தது. பிஷப் வீட்டிலிருந்து கடிதம் வந்தது. சனிக்கிழமை காலை லாரி வருகிறது என்று ஆறு மணிப் பூசையில் ஃபாதர் சுரத்தில்லாமல் படித்தபோது, கடைசி பெஞ்சில் ஆறு மாசக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்த ஜாஸ்மினுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஜாஸ்மினுக்கு இருபத்தேழு வயது. காலனியில் கொத்தனார் கோதண்டத்தின் ஒரே மகள். சாதிச் சர்டிபிகேட்டில் கோதண்டம், கோயில் புத்தகத்தில் தாவீது. காலனியில் பாதிப்பேருக்கு இப்படி இரண்டு பெயர் உண்டு. ஒரகடத்தில் கார் ரேடியேட்டர் செய்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. புருஷன் சாம்சன், ராயப்பனின் பதினோரு பஸ்ஸில் ஒன்றை ஓட்டுகிறான். மகள் தென்றலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் ஞானஸ்நானம் என்று நாள் குறித்திருந்தார்கள். அதாவது லாரி வந்து போன மறுநாள்.

பத்து வயதில் புதுநன்மை என்கிற முதல் நற்கருணை வாங்கிய அன்று, அந்த ஆட்டுக்குட்டியின் உடைந்த மூக்கைத் தொட்டுப் பார்க்க ஜாஸ்மின் கையை நீட்டினாள். உபதேசியார் சின்னப்பன் பட்டென்று கையைத் தட்டிவிட்டார். வலி போய்விட்டது, அவமானம் போகவில்லை. ஃபாதர் ஒரே பூசை என்று அறிவித்த அன்றே, தன் மகள் தலையில் விழுகிற தண்ணீர் அந்தக் கல்தொட்டித் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும் என்று அவள் மனதுக்குள் முடிவு கட்டிவிட்டாள். முடிவு கட்டினால் கட்டியதுதான். அவள் அப்பனைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்.

புதன்கிழமை ஏ ஷிஃப்ட் முடிந்து வந்தவள், முகம் கூடக் கழுவாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். உள்ளே ஒருவருமில்லை. தொட்டியின் மரமூடியை நகர்த்தினாள். உள்ளே சுத்தமாக இருந்தது. நடுவில், அடியில், ஊரெல்லாம் பேசுகிற அந்த ஓட்டை.

அவள் கம்பெனியில் என்ன வேலை செய்கிறாள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். லீக் டெஸ்ட். வருகிற ஒவ்வொரு ரேடியேட்டரிலும் தண்ணீர் போகிற வழி, வருகிற வழி எல்லாவற்றையும் ரப்பர் அடைப்பான் வைத்து அடைத்து, காற்றை ஏற்றி, தண்ணீருக்குள் முக்குவாள். ஒரு குமிழி கிளம்பினாலும் ரிஜெக்ட். ஒரு நாளைக்கு நானூறு பீஸ், ஐந்து வருஷம். ஓட்டைகளைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவுக்கு பூவரசம்பாக்கத்தில் வேறு யாருக்கும் தெரியாது, பேராசிரியரையும் சேர்த்துத்தான்.

சுண்டுவிரலை ஓட்டைக்குள் விட்டாள். விட்டவள் அப்படியே நின்றுவிட்டாள்.

உடைந்த ஓட்டை விரலைக் கீறும். இது கீறவில்லை. வட்டமாக, வழுவழுப்பாக, மேலே அகன்று கீழே போகப் போகக் குறுகியது. கல் உளியால் பார்த்துப் பார்த்துச் செய்த துளை. தண்ணீரை இறக்கிவிடுவதற்கென்று எழுநூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ கணக்காகச் செய்த துளை. செய்த துளைக்கு ஓர் அடைப்பான் இல்லாமல் இருக்குமா? இந்தத் துளையில் சிமெண்ட் பூசிக் கொடுக்கிறேன் என்று அவள் அப்பன் ஒருகாலத்தில் மேலத்தெருவுக்கு நடையாய் நடந்தார். புனிதமான கல்லில் சிமெண்ட் பூசுவதாவது என்று விரட்டிவிட்டார்கள். அவரும் அது நியாயம்தான் என்று திரும்பி வந்தார்.

நேராக ஃபாதர் அறைக்குப் போனாள்.

"ஃபாதர், அந்தத் தொட்டி ஒழுகல."

ஃபாதர் தொம்மை மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "என்னம்மா சொல்லுதே? ஒழுகுதுன்னு ஊரே சொல்லுது. பேரவையில எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு."

"அது ஓட்டை இல்ல ஃபாதர். வேலை முடிஞ்சதும் தண்ணிய வுடுறதுக்குப் போட்ட வழி. அடைச்சா நிக்கும். நான் டெஸ்ட் பண்ணிக் காட்றேன்."

ஃபாதருக்கும் ஏதோ உறைத்திருக்க வேண்டும். மந்திரித்த தண்ணீரைக் கண்ட இடத்தில் ஊற்றக்கூடாது, மண்ணுக்குள் இறக்க வேண்டும் என்று செமினரியில் படித்ததுதானே. "எனக்கு ஏன் இது தோணலை?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"தண்ணி நின்னா என் பொண்ணுக்கு அதுலயே குடுப்பீங்களா? சனிக்கிழமை லாரி வந்துரும்."

"நாளைக்கு மத்தியானம் மூணரைக்கு வா. தண்ணி நின்னுச்சுன்னா அந்தத் தண்ணியிலேயே கொடுத்திருதேன். ஞானத்தாயையும் கூட்டிட்டு வந்திரு. நிக்கலேன்னா பிடிவாதம் பிடிக்கக் கூடாது, சரியா?"

"நிக்கும் ஃபாதர்" என்றாள் ஜாஸ்மின்.

வீட்டில் சாம்சன் கேட்டதும் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டான்.

"இன்னாத்துக்கு ஜாஸ்மின் இந்த வேலை? ஓனரு காதுல வுழுந்தா வண்டி சாவிய புடுங்கிக்குவாரு. தாம்பாளத்துல ஊத்துனா பாப்பாவுக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது? நீ, நானு, எல்லாம் அதுலதான ஊத்திக்கினோம்?"

"அதான் மாமா சொல்றேன். நம்மளோட போவட்டும்."

"தொட்டி ஒழுகாதுன்னு உனக்கு நிச்சயமா தெரியுமா?"

"ஒழுகிச்சுன்னா நானே அந்தத் தாம்பாளத்தைக் கழுவி எடுத்துக்கினு வரேன். வருவியா, மாட்டியா? அத சொல்லு."

சாம்சன் குழந்தையின் காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தான். பயப்படுகிறவனைக் கோழை என்று சொல்லிவிடலாம், சுலபம். மாசம் பிறந்தால் வீட்டு லோன் கட்ட வேண்டியவனுக்குத்தான் அந்தப் பயத்தின் எடை தெரியும். ஜாஸ்மினும் அதற்குமேல் அவனை நெருக்கவில்லை.

மறுநாள் காலை லைனில் சூப்பர்வைசர் சசிரேகாவிடம் விஷயத்தைச் சொன்னாள். சசிரேகா வல்லக்கோட்டைக்காரி, கிருத்திகை தவறாமல் முருகனைப் பார்க்கிறவள். மாதா கோயிலுக்கும் அவளுக்கும் ஸ்நானப்பிராப்தி இல்லை. ஆனால் லீக் டெஸ்ட் என்றால் அவளுக்கு உயிர்.

"கீழ குறுகுற டேப்பர் துளையா? அப்ப டேப்பர் அடைப்பான்தான் போடணும். எத்தினி எம்.எம். இருக்கும்?"

"என் சுண்டுவிரல் உள்ள போயி, ரெண்டாவது கணுவுல நிக்குதுக்கா."

சசிரேகா அவள் சுண்டுவிரலைப் பிடித்துக் காலிப்பர் வைத்து அளந்தாள். ஸ்க்ராப் பெட்டியைக் கிளறி, கருப்பு ரப்பர் அடைப்பான் மூன்று அளவில் எடுத்துத் தந்தாள். கேட் பாஸ் வேண்டுமே. "ஸ்க்ராப் ரப்பர், மூன்று எண்ணிக்கை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கேட்டில் செக்யூரிட்டி பாஸையும் ரப்பரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, எதற்கு என்றான்.

"எங்க மாதா கோயில் தொட்டி லீக்காவுதாம். செக் பண்ணணும்" என்றாள் ஜாஸ்மின். அவன் சிரித்தபடி கேட்டைத் திறந்தான். அவள் சிரிக்கவில்லை.

மூன்றரை மணிக்கு அவள் கோயிலுக்கு வந்தபோது காலனியில் பாதிப்பேர் வந்து நின்றார்கள். யார் சொன்னார்களோ, இந்த மாதிரிச் சேதிக்குக் கால் முளைத்துவிடும். ஞானத்தாயாக நிற்கப்போகிற சாம்சனின் அக்கா கிளியம்மாள் வெள்ளைக் கவுன் போட்ட குழந்தையைக் கையில் வைத்திருந்தாள். கோதண்டம் வேலைக்குப் போன இடத்திலிருந்து அப்படியே, கையில் சிமெண்ட்டும் பையில் கரண்டியுமாக வந்திருந்தார். சாம்சனைக் காணவில்லை. ஜாஸ்மின் வாசலை ஒருதரம் பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை.

முதல் அடைப்பான் தொளதொளத்தது. இரண்டாவது சொன்னபடி போய் உட்கார்ந்தது. கட்டைவிரலால் அழுத்தி ஒரு திருகு திருகினாள். மூன்று குடம் தண்ணீர் ஊற்றினார்கள். தண்ணீர் தளும்பி, ஆடி, அடங்கியது.

"எங்க லைன்ல முப்பது செகண்டு வைப்போம் ஃபாதர். இங்க அரை மணி நேரம் வைக்கலாம். அப்புறம் யாரும் பேசக் கூடாது."

"எறங்குதா இல்லியான்னு எப்பிடித் தெரியும்?" என்றார் ஃபாதர்.

கோதண்டம் முன்னால் வந்தார். பையிலிருந்து, சுவர் நேர் பார்க்கிற தூக்குக்குண்டை எடுத்தார். தொட்டியின் குறுக்கே ஒரு குச்சியை வைத்து, நூலைச் சுற்றி, குண்டின் முனை தண்ணீரை இப்போதுதான் தொட்டது என்கிற உயரத்தில் கட்டினார். முனையைச் சுற்றித் தண்ணீர் லேசாக மேலேறி ஒட்டிக்கொண்டது. மயிரிழை இறங்கினாலும் ஒட்டு விட்டுப் போகும், கண்ணுக்குத் தெரியும். ஃபாதர் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தொட்டி விளிம்பில் வைத்தார்.

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். ஜாஸ்மின் அந்த முனையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கல்லில் எங்கேயாவது கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்துவிட்டால்? எழுநூறு வருஷத்துக் கல், கப்பலில் உருண்டு வந்த கல். இருந்துவிட்டால் இத்தனை பேர் முன்னால் அப்பன் தலை இன்னொரு தரம் குனியும். மாதாவே, இந்த ஒன்றை மட்டும் நடத்திக்கொடு என்று மனதுக்குள் கெஞ்சினாள்.

பதினைந்தாவது நிமிஷம் வாசலில் செருப்புச் சத்தம். ராயப்பன் வந்தார், பின்னாலேயே உபதேசியார் சின்னப்பன். அவர்களுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, சாம்சன்.

"இன்னா ஃபாதர் இது? மியூசியத்துக்குக் குடுத்த பொருள். லாரி புக் பண்ணியாச்சு. இதுல போயி தண்ணி ரொப்பிக்கினு கீறீங்க?"

"ஒழுகுதான்னு பாக்கோம் பெரியவரே" என்றார் ஃபாதர். "ஒழுகுதுன்னு நாம எழுதிக் கொடுத்திருக்கோம்லா. எழுதுனது மெய்யான்னு பாக்க வேண்டாமா?"

ராயப்பன் திரும்பி சாம்சனைப் பார்த்தார். "டேய், உன் பொண்டாட்டிய வூட்டுக்கு இட்டுக்கினு போ. நாளைக்கு வண்டி எடுக்கணுமா, வேணாமா உனுக்கு?"

காலனிக்காரர்கள் எல்லோரும் சாம்சனைப் பார்த்தார்கள். ஜாஸ்மின் மட்டும் பார்க்கவில்லை, அவள் கண் தூக்குக்குண்டிலேயே இருந்தது. சாம்சன் சட்டைப் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்தான். ராயப்பனிடம் நீட்டினான்.

"ரெண்டு மணி ஷிஃப்ட்டு ஆளுங்கள எறக்கிட்டுதான் வந்தேன் ஓனர். வண்டி கோயில் எதுர்ல கீது. டீசல் பாதி டாங்க் கீது. வேணும்னா எடுத்துக்கங்க. பாப்பாவுக்கு ஞானஸ்நானம், நான் நின்னு ஆகணும்."

ராயப்பன் சாவியை வாங்கவில்லை. பதினோரு பஸ்ஸுக்கு டிரைவர் கிடைக்காமல் அவர் படுகிற பாடு அவருக்குத்தான் தெரியும். அந்தக் கோபமெல்லாம் தொட்டி மேல் திரும்பியது. இரண்டு எட்டு வைத்து அருகே வந்தார், உள்ளே எட்டிப் பார்த்தார். தண்ணீருக்கு அடியில் கருப்பாக அந்த ரப்பர் தெரிந்தது. அவர் முகம் சிவந்தது. அந்தக் கல்மேல் அவருக்கு உண்மையிலேயே பாசம் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். அவருக்கு, அவர் அப்பனுக்கு, பிள்ளைகளுக்கு எல்லாம் ஞானஸ்நானம் நடந்த கல்.

"கம்பெனி ரப்பரு! ஏழுநூறு வருசத்துக் கல்லுல கண்ட ஆயில்ல கெடந்த ரப்பரை வச்சு அடைப்பீங்களா? அதுக்குன்னு தாத்தா காலத்துலேர்ந்து சந்தனக் கட்டையில செஞ்ச அடைப்பான் கீது! அத போட்டா ஒரு சொட்டு…"

அங்கே நிறுத்திவிட்டார். நிறுத்தியது வீண், எல்லாம் வெளியே வந்துவிட்டது.

ராயப்பன் முகத்தில் ஈயாடவில்லை. ஜாஸ்மின் அப்போதுதான் தொட்டியிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"எங்க கீது அந்த அடைப்பான்?"

அவள் உபதேசியார் பக்கம் திரும்பினாள். எழுபது வயசுக் கிழவர் சின்னப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உபதேசியாரே, எங்க கீது?"

"பெரிய வூட்டு பீரோவுல" என்றார் கிழவர். "மேலத்தெருப் புள்ளைங்களுக்கு ஞானஸ்நானம்னா எடுத்தாந்து போடுவேன். முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துருவேன். எங்கப்பா சொல்லிக் குடுத்தாரு, அப்டியே செஞ்சேன்."

பின்னாலிருந்து ஒரு பெண் "அடப்பாவிங்களா" என்றாள். வேறு யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் ராயப்பனுக்கு வசதியாக இருந்திருக்கும்.

ஃபாதர் தொம்மை குனிந்து தூக்குக்குண்டைப் பார்த்தார். முனை தண்ணீரோடு ஒட்டியபடியே இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தார், இருபத்திரண்டு நிமிஷம். "பெரியவரே, அந்த அடைப்பானைக் கொண்டாங்க. அது கோயில் சொத்து" என்றார். குரல் உயரவில்லை, ஆனால் அவர் அப்படிப் பேசி அந்த ஊர் கேட்டதில்லை. "மியூசியத்துக்கு நான் போன் போட்டுப் பேசிக்கிடுதேன். பயன்பாட்டுல இல்லாத தொட்டின்னு எழுதிக் கொடுத்தோம். அது பொய்யின்னு நானே திருப்பி எழுதுதேன்."

ராயப்பன் விறுவிறுவென்று வெளியே போனார். திரும்பி வருவாரா என்பது யாருக்கும் தெரியாது.

"வரட்டும், அதுவரைக்கும் பொறுப்போமா?" என்று ஃபாதர் கேட்டார்.

"வேணாம் ஃபாதர்" என்றாள் ஜாஸ்மின். "இன்னும் எட்டு நிமிஷம் கீது. அது ஆவட்டும். அப்புறம் ஆரம்பிச்சுருங்க. அவங்க அடைப்பானுக்காக எம்பொண்ணு ஒரு நிமிஷம்கூடக் காத்துக்கினு நிக்க வேணாம்."

எட்டு நிமிஷமும் நின்றார்கள். அவள் சொன்ன அரை மணிக்கு அரை வினாடி குறையவில்லை, குறைய அவள் விடவில்லை. கோதண்டம் நூலை அவிழ்த்தார். தண்ணீர் ஊற்றிய மட்டத்திலேயே நின்றது. ஃபாதர் தோளில் ஸ்டோல் என்கிற பூசைத் துண்டைப் போட்டுக்கொண்டு தண்ணீரை மந்திரித்தார். கிளியம்மாள் குழந்தையை நீட்டினாள். சாம்சன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வந்து ஜாஸ்மின் பக்கத்தில் நின்றான்.

"தென்றல் மரியா" என்றார் ஃபாதர். தந்தை, மகன், தூய ஆவி என்று மூன்று முறை கையால் தண்ணீரை அள்ளி ஊற்றினார். குழந்தை அழும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அது கண்ணைக் கொட்டிக்கொண்டு, நெற்றியில் வழிந்த தண்ணீரை நாக்கை நீட்டிச் சுவைத்துப் பார்த்தது. பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஜாஸ்மினுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜெயித்த சந்தோஷம் இருந்தது. அதைவிடப் பெரிதாக, இத்தனை வருஷமும் தன் ஜனங்களை இப்படி ஏமாற்றினார்களே என்ற ஆத்திரம் இருந்தது. இரண்டையும் சேர்த்து அழுதாள், துடைத்துக்கொள்ளாமல் அழுதாள்.

குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது ராயப்பன் திரும்பி வந்தார். வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. பட்டுத்துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து, யார் முகத்தையும் பார்க்காமல், தொட்டி விளிம்பில் வைத்தார். வைத்த கையோடு போகத் திரும்பினார்.

"ஐயா, ஒரு நிமிசம்" என்றார் கோதண்டம்.

ராயப்பன் நின்றார். கோதண்டம் கையிலிருந்த சிமெண்ட்டை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு துணியைப் பிரித்தார். உள்ளே ஒரு மரத்துண்டு. கொட்டைப்பாக்கு அளவு இருக்கும், அவ்வளவுதான். தண்ணீரில் ஊறி ஊறிக் கறுத்து, விரல் பட்டுப் பட்டு வழவழத்திருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். அவருக்கு அறுபத்திரண்டு வயது. அவரும், அவர் அப்பனும், அவர் பெண்டாட்டியும், மகளும் இந்தத் தொட்டிக்கு முன்னால் தாம்பாளத்தில் தலையைக் காட்டியவர்கள்.

"இவ்ளோதானா ஐயா?" என்று கேட்டார்.

கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால்தான் அதற்குப் பதில் சொல்லாமல் போக முடியவில்லை. ராயப்பன் வாசலைப் பார்த்தார், ஃபாதரைப் பார்த்தார், கடைசியில் வேறு வழியில்லாமல் கோதண்டத்தின் முகத்தைப் பார்த்தார்.

"ஆமா" என்றார். "இவ்ளோதான்."